குதிரைப்படைப் பழந்துப்பாக்கிகள் சேகரிப்பு

குதிரைப்படைப் பழந்துப்பாக்கிகள் சேகரிப்பு என்பது 19ஆம் நூற்றாண்டில் குதிரை வீரர்களுக்கென உருவாக்கப்பட்ட குறுந்துப்பாக்கிகளையும் கைத்துப்பாக்கிகளையும் தேடி, அடையாளம் கண்டு, பாதுகாத்து வைக்கும் செயற்பாடு ஆகும். குதிரைப்படைக்குரிய நீளம் குறைந்த துப்பாக்கி ஆங்கிலத்தில் கார்பைன் என அழைக்கப்படுகிறது; தமிழிலும் அச்சொல்லே பெரிதும் வழங்குகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் சட்டக் கட்டுப்பாடுகளினால் இது மிகச் சிலரிடமே உள்ளது. எனினும் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை மாகாணப் படையும் அதன் பின் பிரித்தானிய இந்தியப் படையும் நூறாண்டுகளுக்கு மேல் இத்துப்பாக்கிகளைப் பயன்படுத்தின. ஆகவே கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் ஒரு பழந்துப்பாக்கி கிடைக்குமானால், அது என்ன, அதை வைத்திருக்கலாமா என்னும் இரு கேள்விகளும் எழுவது இயல்பு.

குதிரை வீரனின் துப்பாக்கி

காலாட்படை வீரனின் துப்பாக்கிக்கு நீளம் தேவைப்பட்டது. ஈட்டி முனையைப் பொருத்திக் குத்தவும், பின்வரிசையில் நின்று முன்வரிசைக்காரனின் தோளுக்கு மேல் சுடவும் அந்நீளம் உதவியது. "இந்தியப் பாங்கு" எனப்படும் காலாட்படைத் துப்பாக்கியின் குழல் 39 அங்குலம் (991 மிமீ) நீளமுடையது. கம்பனி தனது படைகளுக்காகச் செய்வித்த இந்தப் பாங்கையே, பிரான்சுடன் போர் மூண்டபோது தட்டுப்பாடு காரணமாகப் பிரித்தானிய அரசும் ஏற்றுக்கொண்டது.

இத்தகைய துப்பாக்கியைச் சேணத்தில் அமர்ந்தபடி கையாள இயலாது. ஒரு கை கடிவாளத்தில் இருக்கும். குதிரை ஓரிடத்தில் நில்லாது. எனவே குழல் குறுக்கப்பட்டது. வீரன் தோளிலிருந்து குறுக்காக அணிந்த அகன்ற தோல்வாரில் ஒரு கொக்கி இருக்கும். துப்பாக்கியின் இடப்பக்கம் பொருத்தப்பட்ட இரும்புத் தண்டில் ஓடும் வளையம் அக்கொக்கியில் மாட்டப்படும். கையிலிருந்து நழுவினாலும் துப்பாக்கி கீழே விழாது. இத்தண்டும் வளையமும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த குதிரைப்படைத் துப்பாக்கியின் முதல் அடையாளம் எனலாம். பிற்காலத்தில் துப்பாக்கியைச் சேணத்தோடு கட்டிய தோல் உறையில் செருகிச் செல்லும் வழக்கம் வந்ததும் வளையம் மறைந்தது.

இரண்டாவது அடையாளம் மருந்தையும் குண்டையும் இடித்து இறுக்கும் கம்பி ஆகும். காலாட்படைத் துப்பாக்கியில் அதனை உருவி எடுத்து மீண்டும் செருக வேண்டும். குதிரை மீது அமர்ந்து அவ்வாறு செய்கையில் கம்பி தவறி விழுந்தால் வீரனிடம் இருப்பது வெறும் தடி மட்டுமே. ஆகவே குழல்வாயில் ஒரு சுழலும் கீலில் கம்பியைப் பிணைத்து விட்டனர். எளிமையான தீர்வு, ஆனால் ஓர் உயிரைக் காக்கக் கூடியது.

இவ்வளவு இருந்தும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குதிரைப்படையின் முதன்மைக் கருவி வாளே. கார்பைன் காவல் பணிக்கும், முன்னோடிக் கண்காணிப்புக்கும், இறங்கி நின்று சுடுவதற்கும் உரியதாகவே கருதப்பட்டது.

முக்கியப் பாங்குகள்

சேகரிப்பாளர்கள் ஒரு துப்பாக்கியை அதன் "பாங்கு" கொண்டு வகைப்படுத்துகின்றனர். அரசு ஒரு மாதிரியை முத்திரையிட்டு வைத்து, அதன்படியே எல்லாப் பட்டறைகளும் செய்ய வேண்டும் என விதித்ததால் இம்முறை உருவானது.

நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்கறியப்பட்டது 1808இல் வந்த பேசெட் கார்பைன். குதிரைப்படைத் தளபதி என்றி பேசெட் பெயரால் வழங்கும் இதன் குழல் 16 அங்குலம் (406 மிமீ) மட்டுமே. உள்விட்டம் ஏறத்தாழ 0.65 அங்குலம். சிக்கிமுக்கிக் கல் இரும்புத் தகட்டில் உராய்ந்து பொறி எழுப்ப, கிண்ணியிலுள்ள மருந்து பற்றி, பக்கத் துளை வழியே குழலுக்குள் தீ செல்லும். மழையிலும் பெருங்காற்றிலும் இது அடிக்கடி ஏமாற்றியது. இதே அமைப்பிலான துப்பாக்கிகளைக் கம்பனியும் தன் குதிரைப்படைக்கு வாங்கியது.

1830களின் இறுதியில் கல்லுக்குப் பதிலாகச் செப்பு மூடி வந்தது. வெடிக்கும் உப்புப் பூசிய சிறு மூடியைக் குழலின் பின்புறக் காம்பில் பொருத்தினால் சுத்தி அதன் மீது அறைந்து தீயெழுப்பும். நம் ஊர்ப்புறங்களில் "கேப்பு" என்று சொல்லப்படுவது இதுவே. சியார்ச் லோவெல் வடிவமைத்த விக்டோரியா கார்பைன் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் குழல் 26 அங்குலம், உள்விட்டம் 0.733 அங்குலம். கனமான, பெரிய குண்டு வீசும் இத்துப்பாக்கி குதிரை வீரனுக்குப் பெருஞ்சுமை என்பதே பலரது மதிப்பீடு.

குழலுக்குள் புரியிட்ட 1856ஆம் ஆண்டு என்ஃபீல்டு குதிரைப்படைக் கார்பைன் 21 அங்குலக் குழலும் 0.577 அங்குல உள்விட்டமும் கொண்டது. 1866 முதல் இவ்வகைத் துப்பாக்கிகளின் பின்புறத்தை வெட்டித் திறக்கும் கதவு பொருத்தினர். இது சினைடர் முறை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் காலம் இத்துடன் படைகளில் முடிந்தது. 1877இல் மார்ட்டினி-என்றி குதிரைப்படைக் கார்பைனும், 1890களின் நடுவில் 0.303 அங்குல லீ-மெட்ஃபோர்டு, லீ-என்ஃபீல்டு கார்பைன்களும் வந்தன. கடைசி இரண்டும் ஆறு தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி உடையவை.

புகையற்ற மருந்தின் வருகை இத்தொழில்நுட்ப மாற்றத்தின் எல்லைக்கோடு. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அரவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை அம்மருந்தைச் செய்வதற்காகவே எழுந்தது. (நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது.) கருமருந்துத் துப்பாக்கியில் புகையற்ற மருந்தை இட்டால் குழல் பிளந்து சுடுபவரைக் கொல்லும் என்பதனால் இவ்வேறுபாடு வெறும் வரலாற்றுச் செய்தி அன்று.

1857உம் அதன் பின்னும்

மீரட்டில் 1857 ஏப்ரல் 24 அன்று வங்காள மூன்றாம் குதிரைப்படையின் 90 வீரர்களுள் 85 பேர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கிடப்பட்டது. மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. கொழுப்புத் தடவிய தோட்டா என்ற பேச்சு புதிய என்ஃபீல்டு ரைஃபிளைப் பற்றியது. ஆனால் அன்று அவர்களிடம் நீட்டப்பட்டவை அவர்கள் முன்பே பயன்படுத்தி வந்த பழைய கார்பைனுக்குரிய தோட்டாக்கள்தாம். பாடநூல்களில் இந்நுணுக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நம்பிக்கை முறிந்த பின் தோட்டா புதியதா பழையதா என்பது வீரர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

கிளர்ச்சிக்குப் பின் இந்திய வீரர்களுக்குப் பிரித்தானிய வீரர்களை விட ஒரு தலைமுறை பின்தங்கிய துப்பாக்கிகளையே வழங்குவது கொள்கையாயிற்று. புரியிட்ட என்ஃபீல்டைப் போலவே தோன்றும், ஆனால் உள்ளே புரியில்லாத துப்பாக்கிகள் இந்தியப் படைகளுக்கெனச் செய்யப்பட்டன. பிரித்தானியர் மார்ட்டினி-என்றிக்கு மாறிய பின்பே இந்தியருக்கு சினைடர் கிடைத்தது. ஆகவே இந்தியாவில் கிடைக்கும் துப்பாக்கியைப் பாங்கின் ஆண்டைக் கொண்டு மட்டும் காலம் கணித்தல் தவறாகும். அது பயன்பாட்டில் இருந்த காலம் இங்கிலாந்தை விடப் பத்து, இருபது ஆண்டுகள் பிந்தியதாக இருக்கலாம்.

கொங்கு நாட்டுப் பின்னணி

கொங்குப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையில் திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரைகள் வாங்கினார் எனக் கூறப்படுகிறது. சீரங்கப்பட்டணப் பட்டறைகளில் திப்புவுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகள் புலிவரி அணியும், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய ஆண்டு எண்ணும் கொண்டவை. இவை 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை ஆதலால் இக்கட்டுரையின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்பவை.

கம்பனி ஆட்சி வந்த மறு ஆண்டே, 1800 சூன் 3 அன்று, கோயம்புத்தூர்க் கோட்டையில் இருந்த கம்பனியின் ஐந்தாம் குதிரைப்படை மீது தாக்குதல் நடத்தக் கிளர்ச்சியாளர்கள் முயன்றனர். முயற்சி தோற்றது; 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். தீரன் சின்னமலையின் ஓடாநிலை, அரச்சலூர்ப் போர்களும் இதை அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்தவை. 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்து அதை அடக்கியதும் குதிரைப்படையே.

தென்னிந்தியாவில் பழைய படைக்கலன்கள் அரிதாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்கள் படைக்கலன்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. தஞ்சை மராட்டியர் ஆட்சி 1855இல் முடிவுற்ற பின் அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்தவற்றை உடைத்து உலோகமாக விற்க அரசு முடிவு செய்தது. தேர்ந்தெடுத்த சில மட்டும் 1863 அளவில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. சென்னை மாகாண ஆட்சிப்பணி அலுவலர் வால்கவுசு இதனை 1878இல் "இந்தியன் ஆன்டிகுவரி" இதழில் பதிவு செய்தார். அதே 1878இல்தான் லிட்டன் காலத்து இந்தியப் படைக்கலச் சட்டம் நாடு முழுவதும் உரிமம் கட்டாயம் என்றது. எஞ்சியவையும் இதன் பின் உருக்கப்பட்டன, அல்லது மறைக்கப்பட்டன.

ஆகவே கொங்கு நாட்டில் பண்ணை வீட்டு அட்டாலியிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் குதிரைப்படைத் துப்பாக்கியாக இருப்பதில்லை. காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியாகவோ, 20ஆம் நூற்றாண்டில் காவல்துறைக்காக 0.410 அங்குலக் குழலுடன் மாற்றப்பட்ட மசுக்கெட்டாகவோ இருக்கும் வாய்ப்பே மிகுதி. "வெள்ளைக்காரன் காலத்து" என்று குடும்பத்தில் சொல்லப்படுவது 1947க்கு முந்தையது என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்தாது.

அடையாளம் காணல்

துப்பாக்கியின் இயக்கத்தகட்டில் உள்ள குறியே முதற்சான்று. கம்பனியின் பொருள்களில் 1808 அளவு வரை நான்காகப் பகுக்கப்பட்ட இதய வடிவமும், அதன் பின் முன்கால்களில் மகுடம் ஏந்தி நிற்கும் சிங்கமும் பொறிக்கப்பட்டன. 1858இல் ஆட்சி அரசியிடம் சென்ற பின் அகன்ற அம்புக்குறியும் அதன் கீழ் இந்தியாவைக் குறிக்கும் "ஐ" என்ற ஆங்கில எழுத்தும் வழக்கிற்கு வந்தன. பித்தளை அடித்தகட்டில் படைப்பிரிவின் சுருக்கக் குறியும் துப்பாக்கியின் வரிசை எண்ணும் இருக்கலாம். எந்தப் பிரிவு எனத் தெரிந்தால் அத்துப்பாக்கி எங்கெல்லாம் சென்றது என்பதைப் படை வரலாறுகளிலிருந்து அறியலாம். சேகரிப்பாளர் பொன்னை விட மதிப்பது இவ்விரு வரி எழுத்துகளையே.

நம் வீடுகளில் இவ்வெழுத்துகள்தாம் முதலில் அழிகின்றன. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் ஆண்டுக்கொரு முறை ஒரு மெல்லிய படலத்தை நீக்கிவிடும். ஐம்பது ஆயுத பூசைகளுக்குப் பின் தகடு பளபளக்கும், எண் இராது.

போலிகளும் மிகுதி. பாக்கித்தானின் தாரா ஆதம் கேல் போன்ற எல்லைப்புறப் பட்டறைகள் பல தலைமுறைகளாகப் பிரித்தானியத் துப்பாக்கிகளைக் கையாலேயே நகலெடுத்து வந்துள்ளன. இவற்றில் மகுடம் கோணலாகவும், ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவும், ஆண்டு பாங்குக்குப் பொருந்தாமலும் காணப்படும். இந்தியாவிலேயே அழகுப் பொருளாகவும், வெளிநாட்டு வரலாற்று நடிப்புக் குழுக்களுக்காகவும் தீத்துளை இடாத போலித் துப்பாக்கிகள் செய்து ஏற்றுமதி செய்யப்படுகின்றன. சுடும் திறனற்ற இவை நேர்மையான போலிகள். பழமை பூசி விற்கும்போதுதான் சிக்கல்.

கம்பனிக் காலத் துப்பாக்கிகளின் உலகச் சந்தையை மாற்றியமைத்த நிகழ்வு 2003இல் நடந்தது. காட்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் நேபாள அரசு சேமித்து வைத்திருந்த பல்லாயிரக்கணக்கான பழந்துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கினர். அதுவரை அரிதென எண்ணப்பட்ட கம்பனிப் பாங்குகள் பல அதன் பின் எளிதில் கிடைக்கலாயின.

சட்ட நிலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி கூட்டரசுச் சட்டப்படி பழம்பொருளாகக் கருதப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2021ஆம் ஆண்டு விதிகள், தீயெழுப்பும் முறை, தோட்டா வகை, 1939 செப்டம்பர் 1க்கு முந்தைய உற்பத்தி ஆகியவற்றைக் கொண்டு இதனைத் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த பாங்கு அல்லது பழமை மதிப்பு உடையதாகவோ பழுதுற்றதாகவோ உள்ள ஒரு கருவி, *பழுது பார்த்தோ பாராமலோ சுடுகலனாகப் பயன்படுத்த இயலாதது* ஆயின் அதற்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. இறுதி நிபந்தனையே முக்கியம். இருநூறு ஆண்டுப் பழமை மட்டும் போதாது. ஒரு கொல்லர் புதிய காம்பு வைத்தால் சுடும் என்ற நிலையில் உள்ள விக்டோரியா கார்பைன் இவ்விலக்கில் அடங்காது.

2019இல் சட்டம் திருத்தப்பட்டபோது ஒருவர் வைத்திருக்கக் கூடிய உரிமத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. மரபுரிமையாக வந்தவையும் இந்த இரண்டுக்குள் அடங்கும். உரிமமின்றிச் சுடுகலன் வைத்திருப்பதற்கான தண்டனையும் இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை என உயர்ந்தது. இதனால் பரம்பரைத் துப்பாக்கிகள் அழியும் என்ற கவலை எழுந்தது. 2020 பெப்ரவரியில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு, அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு படைக்கலன்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை என்றது. அவற்றைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும். எனினும் வீட்டில் கண்டெடுத்த ஒன்று அரும்பொருள்தான் எனக் குடும்பத்தினர் தாமே முடிவு செய்துகொள்வது அறிவுடைமை ஆகாது. அதனைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்தில் காவல் நிலையம் செல்வதும் அவ்வாறே. இருந்த இடத்திலேயே ஒளிப்படம் எடுத்து, எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் வந்து பார்க்கச் செய்வதே பாதுகாப்பானது. ஒப்படைக்க நேர்ந்தால், அருங்காட்சியகத்துக்கு அனுப்பும்படி அவ்விண்ணப்பத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒப்புகைச் சீட்டில் "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதப்படுமாயின், பின்னர் அது உருக்கப்பட்டாலும் கேட்பாரில்லை. குறிகள், அளவுகள், எண் ஆகியவை சீட்டில் இடம்பெற வேண்டும்.

உரிமம் உள்ளவர் இறந்தாலோ, 70 வயதைக் கடந்தாலோ, 25 ஆண்டுகள் உரிமம் வைத்திருந்தாலோ சட்டப்படியான வாரிசின் பெயருக்கு மாற்றக் கோர 2016ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன.

இவற்றோடு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டமும் பொருந்தும். நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பல் குற்றம்; தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் தேவை. கிணறு தூர் வாரும்போதோ தோட்டம் உழும்போதோ மண்ணிலிருந்து கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அச்சட்டம் குறிப்பிடும் வரம்பு பத்து ரூபாய். ஆக எல்லாமே புதையல்தான்.

பாதுகாத்தல்

பழைய துப்பாக்கி எதுவும் மருந்து கெட்டிக்கப்பட்ட நிலையில் உள்ளதாகவே கொள்ள வேண்டும். வாய்வழித் துப்பாக்கிகளைக் கெட்டித்து வைத்துவிட்டு மறந்து போவது வழக்கமாக நிகழ்ந்தது. கருமருந்து உலர்ந்திருந்தால் நூறாண்டுக்குப் பின்னும் வெடிக்கும். ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, அது சென்ற ஆழத்தை வெளிப்புறத்தில் தீத்துளை வரை அளந்த நீளத்துடன் ஒப்பிடலாம். குச்சி சில அங்குலம் முன்னரே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதன் பின் அதனைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சோதிக்கும் போது குழல்வாயின் முன் முகமோ கையோ இருத்தல் கூடாது.

உப்புத்தாள், கம்பித் தூரிகை, அமிலம் ஆகியவை ஆகா. இரும்பின் மீது படிந்த பழுப்பு நிறம் அழுக்கன்று. அது உலோகத்தைக் காக்கும் படலம், அதன் வயதுச் சான்றும் கூட. செந்நிறமாகப் பொடியும் துருவை மட்டும் மெல்லிய இயந்திர எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து எடுத்து, நுண்படிக மெழுகு பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்படுத்தும். பூசையில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. பொட்டை அடித்தகட்டுக்குப் பதிலாகத் துப்பாக்கி வைத்த பெட்டியின் மீது இடலாம். கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தால் கரையான் தரை வழியே ஏறும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரத்தைக் கொண்டுவரும் ஆனி முதல் ஆவணி வரை திங்களுக்கு ஒரு முறையேனும் பார்ப்பது நன்று.

காணத்தக்க இடங்கள்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், 1948இல் தொடங்கப்பட்ட புனித சியார்ச் கோட்டை அருங்காட்சியகத்திலும் கம்பனிக் காலப் படைக்கலன்கள் வைக்கப்பட்டுள்ளன. கோயம்புத்தூரில் 1918இல் கட்டப்பட்ட ஆமில்டன் மன்றக் கட்டடத்தில் 2018 முதல் காவல்துறை அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்குள்ள துப்பாக்கிகள் பெரும்பாலும் காவல்துறை பயன்படுத்தியவை. ஆயினும் வாய்வழித் துப்பாக்கிக்கும் தோட்டாத் துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் அறிய விரும்பும் கொங்குப் பகுதி வாசகருக்கு அண்மையில் உள்ள இடம் அதுவே. ஐதராபாத்து சாலர் சங் அருங்காட்சியகத்திலும் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்திலும் பெருந்தொகுப்புகள் உள்ளன. சென்னைக் குதிரைப்படையின் வழிவந்த 7ஆம், 8ஆம், 16ஆம் இலகு குதிரைப்படைகள் இன்று இந்தியத் தரைப்படையின் பீரங்கி வண்டிப் பிரிவுகளாக உள்ளன.